பூட்டு பூட்டியபடியே கிடந்தது

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய், ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பிய என் அத்தை, வாசலில் முதலில் கண்டது பூட்டைத்தான். உள்ளங்கை நிறையும் கனத்த திண்டுக்கல் பூட்டு; மாமா இருந்த நாளில் வாங்கியது. அது பூட்டியபடியே தரையில் கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் தாங்கியிருந்த கொண்டியும் நாதாங்கியும் கதவையும் நிலையையும் விட்டுப் பெயர்ந்து, பூட்டைப் பிரியாமல் அதனோடே கிடந்தன. பக்கத்தில் நான்கு திருகாணிகள்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. போலீசார் தடயம் எடுத்துச் சென்ற பிறகு அந்தத் திருகாணி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முக்கால் அங்குல நீளம். மரையில் பழைய தேக்கின் தூள் ஒட்டியிருந்தது. அத்தனை பெரிய பூட்டை இத்தனை ஆண்டுகளும் பிடித்துக்கொண்டிருந்தவை இவைதான். நிலையை நெம்பிய கடப்பாரையும் வெளியிலிருந்து வந்ததல்ல. எங்கள் தொழுவில் சாத்தி வைத்திருந்தது. உள்ளே பீரோவை யாரும் உடைக்கவில்லை. சாவி பீரோவின் தலைமேல், பழைய நாட்காட்டிக்கு அடியில் இருந்தது. பதினோரு பவுன் போயிற்று.

அன்று வந்து பார்த்த உறவினர் எல்லோரும் பூட்டைப் பற்றித்தான் பேசினார்கள். இதைவிட நல்ல பூட்டு வாங்க வேண்டும் என்றார்கள். எனக்கு அன்றே அது தவறான பேச்சாகப் பட்டது. பூட்டு தன் வேலையைச் செய்திருந்தது. அதைச் சுற்றியிருந்த எல்லாமும் கைவிட்டிருந்தன: மரம், திருகாணி, தொழு, பீரோவின் தலை, இருட்டிக் கிடந்த புறவாசல், ஆளில்லாத தெரு. நெல்லைச் சீமையில் வீட்டைக் காப்பது என்ற பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருடனுக்கு வேண்டியவை இரண்டு. ஆள் இல்லாத வீடு, யாரும் பார்க்காத நேரம். நெல்லைப் பக்கம் இந்த இரண்டையும் நம் திருநாள்களே அவனுக்குக் கூட்டித் தருகின்றன. பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தாவைத் தேடிப் போகிறது. சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள்கூட ஊருக்கு வந்து, பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு குளத்தங்கரைக்கும் காட்டுக்கும் புறப்படுகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குகிறவர்கள் ஏராளம். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவன்று நள்ளிரவில் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் முழங்க, ஊரே கோயில் முன்னால் நிற்கிறது. வீட்டில் கதவை உடைத்தாலும் அந்தச் சத்தம் தெருமுனையைத் தாண்டாது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளைச் சுற்றியுள்ள தெருக்களின் நிலையும் அதுதான். நமக்குத் தெரிந்த பஞ்சாங்கம் அவனுக்கும் தெரியும்.

நாள் தெரிந்த பிறகு அவன் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறான். வெளியே தொங்கும் பூட்டு, 'உள்ளே யாரும் இல்லை' என்று தெருவுக்குச் சொல்லும் அறிவிப்பு. படியில் கிடக்கும் இரண்டு நாள் செய்தித்தாள், பகலிலும் அணையாமல் எரியும் வாசல் விளக்கு, வாடிப்போன துளசி எல்லாம் அதையேதான் சொல்கின்றன. எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொல்வது தெளிக்காத வாசல். வரிசையாகக் கோலம் விழுந்திருக்கும் தெருவில் ஒரு வீட்டு முன்பு மட்டும் தரை காய்ந்து கிடந்தால், அந்த வீட்டைத் தேட வேண்டியதே இல்லை.

முன்பு வீட்டை எது காத்தது? பூட்டு அல்ல. பாளையக்காரர் காலத்தில் நெல்லைச் சீமையில் காவல் என்பது ஒரு முறையாகவே இருந்தது. ஊருக்குள் காவல் பார்ப்பது தலக்காவல். பாளையக்காரர்கள் தம் எல்லையைத் தாண்டிய ஊர்களுக்கும் வழிகளுக்கும் பார்த்தது திசைக்காவல். விளைச்சலில் ஒரு பங்கு காவல்காரருக்குப் போகும். பொருள் களவு போனால் காவல்காரர் அதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் அந்த முறையின் உயிர். காப்பவனுக்கும் இழப்பில் பங்கு இருந்தது.

அதே முறை கெட்டும் போயிற்று. காவல்கூலி கொடுக்காத வீட்டில் மாடு காணாமல் போவதும், 'துப்புக்கூலி' கொடுத்தால் திரும்பி வருவதும் நடந்தன. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-இல் பாளையக்காரர்களின் எதிர்ப்பை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, காவல் உரிமையையும் அவர்களிடமிருந்து பறித்தது. சென்னை மாகாணத்துக்கான போலீஸ் சட்டம் 1859-இல் வந்தது. ஆனாலும் ஊர்க்காவல் உடனே மறைந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் போலீசுக்குப் பக்கத்திலேயே அது நடந்துகொண்டிருந்தது.

அந்த வரலாற்றில் மறக்கக்கூடாத கறை ஒன்று உண்டு. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பைக் காரணம் காட்டியே மக்களைத் திருடர் என்று எழுதி வைத்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அது நீங்கியது. இன்று ஒரு வீட்டில் களவு நடந்ததும், கட்டட வேலைக்கு வந்த வடமாநில இளைஞர்களை நோக்கியும், தெருவில் ஜாமான் விற்க வந்தவரை நோக்கியும் விரல் நீள்வதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அது அநியாயம். வீட்டைக் காக்கவும் அது உதவாது. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர், வீட்டின் வழக்கங்களை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் பழகிய கையைக் கவனிப்பதில்லை.

போலீசும் காவல்காரரும் ஒருபுறம் இருக்க, நாள்தோறும் வீட்டைக் காத்தது வீட்டின் அமைப்பும் தெருவின் வாழ்க்கையும்தான். பழைய நெல்லை வீட்டில் தெருவைப் பார்த்துத் திண்ணை, அதையடுத்துத் தார்சா, பிறகு பட்டாசாலை, ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். நகை இருக்கும் அறைக்குள் புக வேண்டுமானால் உறங்கிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரைத் தாண்டிப் போக வேண்டும். வளவு வீடுகளில் பொதுவான ஒரே வாசல். அன்னியக் கால் உள்ளே வந்தால் பத்துக் குடும்பத்துக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு காவலும் இருந்தது, இன்றும் ஓரளவு இருக்கிறது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பகலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள். கை இலையைச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டே இருக்கும். கண் தெருவில் இருக்கும். யார் வந்தார், யார் வீட்டைக் கேட்டார், எந்த வண்டி இரண்டு முறை சுற்றிப் போயிற்று என்பது மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இதற்கு ஈடான கருவியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. என் அத்தை ஊரில் அந்தத் தெருவில் முன்பு எட்டு வீடுகளில் பீடி சுற்றினார்கள். இப்போது ஒரு வீட்டில்தான்.

பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடு போய்க் காரை வீடு வந்தது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் எடுத்தார்கள். ஆள் உயரச் சுற்றுச்சுவரும் இரும்புத் தகடு அடைத்த கேட்டும் வந்தன. இதைப் பாதுகாப்பு என்று எண்ணித்தான் செய்கிறோம். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டி ஒருவன் உள்ளே குதித்துவிட்டால், பிறகு அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதவை அறுத்தாலும் தெருவில் போகிறவர் கண்ணில் படமாட்டான். சுவர் நம்மை மறைக்கும் அளவுக்கு அவனையும் மறைக்கிறது. கம்பி இடைவெளி உள்ள கேட்டும் மார்பளவுச் சுவரும்தான் எங்கள் பக்கத்துக்கு ஏற்றவை என்பது என் முடிவு.

இனிக் கதவுக்கு வருகிறேன். எந்தக் கதவும் எந்தப் பூட்டும் திருடனைத் தடுத்துவிடாது. தாமதப்படுத்தும், சத்தம் எழுப்ப வைக்கும். அந்தத் தாமதமும் சத்தமும் போதும், கேட்க யாராவது இருந்தால். கொண்டியை முக்கால் அங்குலத் திருகாணியில் நிறுத்தாமல், கதவின் பலகையை ஊடுருவி உள்பக்கம் நட்டு போட்டு இறுக்கும் போல்ட்டில் நிறுத்த வேண்டும். நிலையில் அடிக்கும் திருகாணி மரத்தோடு நிற்காமல் சுவருக்குள் இறங்கும் நீளம் இருக்க வேண்டும். கரையான் அரித்த நிலையில் எதை அடித்தும் பயனில்லை. கத்தியால் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். தொங்கு பூட்டைவிடக் கதவுக்குள்ளேயே பதிக்கும் பூட்டு மேல், ஏனென்றால் வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை அது வெளியே காட்டாது. பழைய வீடுகளில் இரவில் கதவுக்குக் குறுக்கே கட்டை போடும் வழக்கம் இருந்தது. நிலையின் இரு பக்கமும் சுவரில் குழி. அதில் ஒரு வேங்கைக் கட்டை. வீட்டில் இருக்கும்போது அதைவிடச் சிறந்த காப்பு இன்றும் எனக்குத் தெரியாது.

முன்வாசலுக்குப் பத்தாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டுப் பின்னால் தகரக் கதவு வைக்கிற வீடுகள்தான் அதிகம். எங்கள் அத்தை ஊர் கன்னடியன் கால்வாய் பாயும் ஊர். வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம், அதற்கப்பால் கால்வாய்க் கரை. இரவில் அந்தப் பக்கம் யாரும் நடமாடுவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் புறவாசல்தான் தலைவாசல் என்று எண்ணி வேலை செய்ய வேண்டும். அடுத்தது மாடி. தட்டட்டி என்று எங்கள் பாட்டி சொல்லும் மொட்டைமாடிக்கு வெளியிலிருந்தே படி வைத்துக் கட்டிவிட்டு, மேலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கதவை மெல்லிய பலகையில் போடுகிறார்கள். ஏணி, மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எதுவும் இரவில் வெளியே கிடக்கக்கூடாது. சாவியை நிலைமேலும், மாடக்குழியிலும், செடித்தொட்டிக்கு அடியிலும் வைப்பதை இன்றோடு விட வேண்டும். அந்த இடங்களை நம் பாட்டிமாரிடம் கேட்டுத்தான் யாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

நாயைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் நம் பக்கத்துப் பெருமை. ஆனால் அவை முயல் விரட்ட வளர்ந்த ஓட்ட நாய்கள். காவலுக்கு ராஜபாளையம் பொருந்தும். அதற்கு வேண்டிய இடமும் பழக்கமும் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் வளர்க்கலாம். எல்லாத் தெருவுக்கும் ஏற்றது, நாம் சோறு வைத்துப் பழக்கிய நாட்டு நாய்தான். திருடனைக் கடிக்க வேண்டாம், குரைத்தால் போதும். ஆனால் அது குரைக்கும்போது எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும்.

கேமராவுக்கும் அதே விதிதான். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தால், திருடன் நகையோடு அதையும் தூக்கிக்கொண்டு போவான். கிணற்றில் போட்டுவிட்டுப் போன செய்திகளும் உண்டு. கேமரா முகத்தைக் காட்டாமல் உச்சந்தலையைக் காட்டும் உயரத்தில் மாட்டியிருப்பதும் வழக்கம். இப்போது அசைவு தெரிந்தால் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கேமராக்கள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் துபாயில் இருக்கும் மகனின் கைப்பேசி ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 112 அழைத்தால் நெல்லைக்கு வராது. அவனிடம் ஊர்க் காவல் நிலையத்தின் நேரடி எண் இருக்க வேண்டும், எதிர்வீட்டாரின் எண் இருக்க வேண்டும். என் உறவில் கேமரா வைத்திருக்கும் ஏழு வீட்டாரிடம் கேட்டேன். எதிர்வீட்டு எண் இரண்டு பேரிடம்தான் இருந்தது.

ஆள் இருக்கும்போதே வந்தால் என்ன செய்வது? 2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் நடந்ததை நாடே கேமராப் பதிவில் பார்த்தது. இரவு நேரம், வீட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தில் முகமூடி அணிந்த ஒருவன் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இறுக்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவருடைய மனைவி கையில் கிடைத்த செருப்பை எடுத்து வீசினார். பிறகு இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து அடித்தார்கள். எதிரே இரண்டு பேர், கையில் அரிவாள். கடைசியில் ஓடியவர்கள் அவர்கள்தான். அந்த ஆண்டுச் சுதந்திர தின விழாவில் முதலமைச்சரின் கையால் தம்பதியர் துணிவுக்கான விருது பெற்றார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு விம்மும். ஆனாலும் என் அத்தையிடம் நான் சொன்னது வேறு: அரிவாளோடு ஆள் நின்றால் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள் அத்தை, பவுனை மறுபடி வாங்கலாம். தனியாக இருக்கும் முதியவர்கள் இருட்டிய பின் வெளித்திண்ணையில் உட்காராமல், கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதே நல்லது. தண்ணீர் கேட்டு வருகிறவருக்குக் கம்பி வழியாகவே சொம்பை நீட்டலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

சட்டம் நமக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பதில் குழப்பம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுகிறவனை எதிர்க்கும் உரிமை மிகவும் அகலமானது. அவன் உயிர் போக நேர்ந்தாலும் காக்கும் அளவுக்கு 41-ஆம் பிரிவு போகிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை என்று 37-ஆம் பிரிவு கட்டுகிறது. பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பது தற்காப்பு அல்ல, குற்றம். பிடித்தவர்கள் ஆறு மணி நேரத்துக்குள் அவனைப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். தோட்டங்களில் பன்றிக்கு வைப்பதுபோல வீட்டு வேலியிலும் சன்னலிலும் மின்சாரம் பாய்ச்சுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. அதில் முதலில் சாவது பந்தெடுக்க வரும் பக்கத்து வீட்டுக் குழந்தை.

களவு நடந்துவிட்டால், வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று போலீசை அழைக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது. என் அத்தை கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பீரோவின் இரண்டு கதவையும் பிடித்துக்கொண்டு அழுதார். விரல் ரேகை எடுக்க வந்தவருக்கு அங்கே கிடைத்ததெல்லாம் அத்தையின் கைதான். மோப்ப நாய்க்கு வழி தெரியாமல் மிளகாய்ப் பொடி தூவிவிட்டுப் போகும் திருடனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பிறகு ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வியிலேயே நாங்கள் நின்றுவிட்டோம். நகையின் அடையாளம் என்ன? ரசீது இல்லை, படம் இல்லை. கடைசியில் ஒரு கல்யாண ஆல்பத்தைத் தேடி எடுத்து, அத்தையின் கழுத்தை விரலால் சுட்டிக் காட்டினோம். நகை மீட்கப்பட்டாலும் அது நம்முடையது என்று காட்டினால்தான் நீதிமன்றம் வழியாகத் திரும்பக் கிடைக்கும். இப்படி மீட்ட நகைகளைப் படமெடுத்துப் பதிவு செய்துகொண்டு, உறுதிப்பத்திரம் வாங்கி, உரியவரிடம் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே கூறியிருக்கிறது. நம் பக்கம் ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறித்திருக்கிறது. எந்த இரண்டு நகைக்கும் அது ஒன்றாக இருக்காது. அதைக் குறித்துவைத்தால் போதும். பழைய நகைக்கு எடை, இருபுறப் படம், கல் உதிர்ந்த இடம், பற்றவைத்த தழும்பு ஆகியவைதான் சாட்சி. இந்தக் குறிப்பின் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும்.

அன்றாடம் போடாத நகைக்கு வீடு இடமல்ல. வங்கிப் பெட்டகம்தான் இடம். அதிலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அதற்கு எத்தனை பவுன் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் பீரோவின் தலைமேல் சாவி வைக்கும் வீட்டைவிட அது எத்தனையோ மேல்.

வெளியூர் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். இரவு ரோந்தில் பூட்டிய வீடுகளையும் பார்த்துப் போகும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. நம்மில் பலர் கூச்சத்தால் போவதில்லை. 'இதற்கெல்லாமா போலீஸ்' என்கிறார்கள். இதற்குத்தான் போலீஸ்.

மறு ஆண்டுப் பங்குனி உத்திரத்துக்கும் அத்தை சாஸ்தாவைப் பார்க்கப் போனார். ஆசாரியை வைத்து நிலையைச் சீராக்கி, போல்ட்டு வைத்துக் கதவுக்குள் பூட்டு பதித்திருந்தோம். கடப்பாரை வீட்டுக்குள் போயிற்று. நகை வங்கிக்குப் போயிற்று. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. சாவியை எதிர்வீட்டில், அந்தத் தெருவில் இன்னும் பீடி சுற்றும் அந்த ஒரே அக்காவிடம் கொடுத்தோம். இரவு எட்டு மணிக்குத் தார்சா விளக்கைப் போட்டு, விடிந்ததும் அணைக்கும்படி அத்தை சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான் நாங்கள் கேட்டது. திரும்பி வந்து காரை விட்டு இறங்கியபோது எங்கள் வாசலில் தண்ணீர் தெளித்து, சின்னதாக ஒரு புள்ளிக் கோலம் போட்டிருந்தது.